லூர்துநாதனுக்கு ஒரு எள்ளு விளக்கு

இல்ல தம்பி, பேரு சரியாத்தான் காதுல விழுந்துச்சு. லூர்துநாதன், உத்திரட்டாதி நட்சத்திரம், மீன ராசி. அதான் யோசிக்கிறேன். ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போற ஆளுக்கு திருநள்ளாத்துல வந்து எள்ளு விளக்கு ஏத்துறீங்களே. வேளாங்கண்ணி ஒண்ணும் தூரமில்ல, ஒரு மெழுகுவத்தியோட முடிஞ்சிருக்கும். சிரிங்க, சிரிக்கத்தான் சொன்னேன். இப்புடி நெழல்ல வந்து ஒக்காருங்க. சனிக்கெழமை, இப்ப போனீங்கன்னா வரிசையிலயே பொழுது போயிரும்.

கோயமுத்தூரா? அங்கேருந்து இந்த ஒரு விளக்குக்காகவா? வீட்டுல என்னன்னு சொல்லிட்டு வந்தீங்க? ஏழரைச்சனின்னு சொன்னீங்களா. ம், அது எப்பவும் எடுபடும்.

தெரியும் தம்பி. லூர்துநாதன்னு நெசமா ஆளு கெடையாதுன்னும் தெரியும். யூடியூப்ல அடியாழம்னு வருதே, அதுல வர ஆளு. அர்ச்சனைத் தட்டு விக்கிறவளுக்கு இதெல்லாம் எப்புடித் தெரியும்னு பாக்குறீங்க. நீங்கதான் மொத ஆளுன்னு நெனச்சீங்களாக்கும். போன வாரம் மதுரையிலேர்ந்து ரெண்டு பொண்ணுங்க வந்துச்சுங்க. அதுக்கு முன்னாடி ஒரு பேங்க் மேனேஜரு, தல நரைச்ச மனுசன். எல்லாரும் இதே பேரு, இதே நட்சத்திரம். லூர்துவ எப்புடியாவது காப்பாத்தணுமாம்.

எனக்கு மொதல்ல ஒண்ணும் வெளங்கல. ஒரு மேச, சுத்தி நாலு புள்ளைங்க. தாரிக்னு நம்ம காரைக்கால் பையன் கதை சொல்றான். மத்ததுங்க ஆளுக்கு ஒரு வேசம். கதவத் தொறக்குறியா, ஓடுறியான்னு அவன் கேப்பான், இதுங்க பகடைய உருட்டும். விழுற நம்பர வச்சு பொழப்பு. இதப் போயி மணிக்கணக்கா எவன் பாப்பான்னு நெனச்சேன். ஒங்கள மாதிரி லட்சக்கணக்குல பாக்குறீங்க.

கதையும் கதைதான் போங்க. பிரெஞ்சுக்காரன் காலத்து காரைக்கால். லூர்துநாதன் துறைமுகத்துல சுங்க குமாஸ்தா, ஒரு எறும்புக்குக் கூட கெடுதல் நெனைக்காத ஆளு. கடலுக்கு அடியில என்னமோ கெடக்கு. அது பொரண்டு படுக்கிற சத்தம் இவன் காதுல மட்டும் விழுது. ஒவ்வொரு தடவ கேக்குறப்பவும் பகடை உருட்டணும், ஒவ்வொரு தடவயும் ஆளு கொஞ்சம் கொறையிறான். மொதல்ல தூக்கம் போச்சு, அப்பறம் கை போச்சு, இப்ப பேச்சு போய்க்கிட்டிருக்கு.

ஆமா, அடுத்ததுதான் கடைசின்னு அவங்களே போட்டுட்டாங்க. அதான் ஓடியாந்தீங்களா.

வீடியோவுக்குக் கீழ நீங்கள்லாம் எழுதுறத விஷ்ணுப்ரியா படிச்சுக் காட்டுவா, என் மவ. ஒருத்தரு மலேசியாவுலேர்ந்து, வேலையில கையே ஓடலங்குறாரு. ஒரு அம்மா, லூர்து என்ன பாவம் பண்ணான்னு பெருசா ஒரு பக்கத்துக்கு எழுதிருந்துச்சு. எதுலயும் பாருங்க, கடைசியில ஒரே கேள்விதான். இதுக்குப் பரிகாரம் என்ன? நம்ம சனங்களுக்கு எவ்வளவு பெரிய பேய் வந்தாலும் பரவால்ல, பரிகாரம் இல்லன்னா மட்டும் தாங்காது. எனக்கும் அப்புடித்தான். அதுலதானே நம்ம பொழப்பே ஓடுது. சனீஸ்வரன் புடிச்சாலும் ஒரு நாளு விடுவாரு. எண்ணெ தேச்சு முழுவு, எள்ளு போடு, காக்காய்க்கு சோறு வையி, மனசு எறங்குவாரு. கடலுக்கு அடியில கெடக்குற இது என்னடா சாமி, எதுக்கும் எறங்காதான்னு கேட்டேன். அது எறங்கவும் செய்யாது, கோவிச்சுக்கவும் செய்யாதும்மா, நம்ம இருக்குறதே அதுக்குத் தெரியாதுன்னான்.

யாரா? என் மவன்தான், ரஞ்சித்து. லூர்துநாதனா ஒக்காந்திருக்கிறது அவன்தான். இந்தக் கடைக்கு மேல மாடியிலதான் அதெல்லாம் எடுக்குறாங்க. எந்திரிக்காதீங்க தம்பி, ஒக்காருங்க. இப்ப தூங்குறான். ஒக்காருங்க, போட்டோவெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்.

சொல்லுங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க, என்னா நடிப்புன்னு. போன தடவ பகடைய எடுக்கப் போயி வெரலு மடங்காம, அது மேசையிலேர்ந்து உருண்டு கீழ விழுந்துச்சுல்ல. அந்த எடத்த மட்டும் வெட்டி, வயலின் போட்டு, எவ்வளவு பேரு அனுப்பிச்சிருக்காங்க. நீங்களும் அழுதீங்களா. இன்னொருத்தன் அதே எடத்துல சிரிப்புச் சத்தம் போட்டு உட்டுருக்கான். வாய் கொழர்றது மட்டும் கொஞ்சம் ஓவர்னு ஒருத்தன் எழுதிருந்தான். விஷ்ணுப்ரியா அவன்கிட்ட சண்டைக்கிப் போயிட்டா. ரஞ்சித்து அவ கையிலேர்ந்து போன வாங்கி, ஒரு வெரலாலயே தடவித் தடவி, அவனுக்கு ஹார்ட்டு போட்டான். ரசிக்கிறவன் நாலும் சொல்லுவான், உடுக்கான்னான்.

அந்தப் பகடைய நான்தான் குனிஞ்சு எடுத்தேன். காமிராவுல என் கை மட்டும் தெரியும்.

ஒரு தடவ தாரிக்க தனியாக் கூப்ட்டேன். அவன் முன்னாடி அட்டை ஒண்ணு மறைப்பா இருக்கும் பாத்திருப்பீங்க, அதுக்குப் பின்னாடி அவன் உருட்டுறது யாருக்கும் தெரியாது. ஏன்டா, நல்ல நம்பரா விழுந்துச்சுன்னு சொல்லிட்டா என்ன கொறைஞ்சிரும், அவன் பொழைக்கிற மாதிரி முடிச்சுடேன்னு கேட்டேன். அந்தப் புள்ள நின்ன எடத்துலயே அழுதுட்டான். கதைய எழுதுறதே ரஞ்சித்துதாம்மா, நான் வாசிக்கிறவன்தான்னான். ஒரு தடவ தாரிக்கே, லூர்துவுக்கு ஒரு மருந்து வந்து சேர்ற மாதிரி எழுதிட்டுப் போயிருக்கான். ரஞ்சித்து அத அடிச்சுட்டானாம். பொய்யா இருக்கும்டா, பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சிரும்னானாம்.

என்ன தம்பி, மாடியையே பாக்குறீங்க. ஆமா. நடிப்பு இல்ல.

நரம்புல என்னமோ. பேரு வாயில நொழைய மாட்டேங்குது. பாண்டிச்சேரியில பெரிய டாக்டரு பாத்தாரு, நல்ல மனுசன், நாற்காலிய கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டுச் சொன்னாரு. கை, காலு, பேச்சு, முழுங்குறது, இப்புடி ஒண்ணொண்ணாப் போவுமாம். மருந்து இல்லன்னாரு. எதனால வருது, நாங்க என்ன தப்புப் பண்ணோம்னு கேட்டேன். தப்பெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, யாருக்கு வேணா வரும்னாரு. ஏதோ ஒரு தப்புப் பண்ணிட்டோம்னு சொல்லிருந்தாக் கூட மனசு ஆறிருக்கும் தம்பி. அதுக்கு ஏதாவது கழிச்சுருக்கலாம்ல.

நான் சும்மா இருப்பனா? குளத்துல எறக்கி, எண்ணெ தேச்சு, மாச மாசம் முழுக வச்சேன். அதுக்கப்பறம் வாரா வாரம். காலு நிக்காம, அப்பனும் நானும் ரெண்டு பக்கமும் புடிச்சுக்கிட்டு, மார்கழிக் குளுருல. ஒரு நாளு பல்லு கிட்டிக்கிச்சு. படியிலயே ஒக்காந்துட்டான். அம்மா, போதும். இனிமே என் பேருக்கு நீ எதுவும் ஏத்தக்கூடாது, எந்தக் கோவில்லயும் என் பேரச் சொல்லக்கூடாது, சத்தியம் பண்ணுன்னான். அவன் தலையில கைய வைக்க வச்சு வாங்கிக்கிட்டான். ஊரு சனத்துக்கெல்லாம் விளக்கு எடுத்துக் குடுக்குறேன். எம்புள்ளைக்கு ஒண்ணு ஏத்த முடியல. அந்தக் கொடுமைய யாருகிட்ட போயி சொல்றது?

நீங்கள்லாம் அவ்வளவு பேரு பாத்துக்கிட்டே இருக்கீங்க, ஒண்ணும் பண்ண முடியல. நானும் தட்டுல டீய வச்சுக்கிட்டு கதவோரம் நின்னு பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.

அன்னிக்கி நேரலையில, லூர்துவுக்கு என்ன நட்சத்திரம்னு ஒங்கள்ல யாரோ கேட்டீங்கல்ல? பரிகாரம் பண்ணணும்னு. இவன் சிரிச்சான். அப்பறம் உத்திரட்டாதி, மீனம்னான். கதையில வர ஆளு, எதவேணா சொல்லிருக்கலாம். அவன் சொன்னது அவனோடதத்தான். ஏன்டா அதச் சொன்னேன்னு நான் இன்னிவரைக்கும் கேக்கல. கேட்டா, அது சும்மா வாயில வந்துச்சும்மான்னு சொல்லிருவானோன்னு பயம்.

சரி, கண்ணத் தொடைங்க. வரிசை கொறைஞ்சிருக்கு பாருங்க. இந்தாங்க தட்டு, எள்ளு முடிச்சு நல்லா எண்ணெயில ஊறிருக்கு, பட்டுன்னு புடிக்கும். உள்ள குருக்கள் பேரு கேப்பாரு. லூர்துநாதன்னு சொல்ல வேணாம் தம்பி, ரஞ்சித்குமார்னு சொல்லிருங்க. நட்சத்திரம் நீங்க கொண்டாந்ததேதான். முன்னாடி வந்தவங்களும் அப்புடித்தான் சொன்னாங்க. நான் ஒண்ணும் ஏத்தலையே, நீங்கதானே ஏத்துறீங்க. செருப்ப இங்கயே விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்குறேன்.