நூர் பாஷா கொடுத்த படம்

— மறுபடியும் கத்துதுங்க. காது குடுத்துக் கேளுங்க.

— கேட்டுட்டுத்தானே இருக்கறேன் ஜான் பீ. அடடா, என்னா கத்தல் பாரு! பேய்ப் படம்னா பழைய பேய்ப் படம்தான். இப்ப எடுக்கறவனுக்கு இப்படி ஒரு கத்தல் வருமா?

— எனக்கென்னமோ சரியாப் படலைங்க.

— உனக்கு எதுதான் சரியாப் பட்டுச்சு? கல்யாணமான புதுசுல தர்மபுரி தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். சவப்பெட்டி மூடி தொறந்ததும் என் கையக் கடிச்சு வெச்சவதானே நீ? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

— புதுப்பொண்டாட்டிய யாராச்சும் பேய்ப் படத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்களா? வேடிக்கைய வுடுங்க. பக்கத்து வூட்டு கவிப்பிரியா ரெண்டு நாளா தண்ணி புடிக்கக்கூட வெளிய வரலை.

— படம் பாத்துட்டு இருக்கும்.

— அதுவா? பல்லி விழுந்தாலே என்கிட்ட ஓடியாரும். அது பேய்ப் படம் பாக்குதாக்கும்!

— அப்ப புருசன்காரன் பாக்கறான், அது சமையல்கட்டுல இருக்கும். ஏன் ஜான் பீ, நவநீதனைக் கண்டா உனக்கு ஆவவே மாட்டேங்குது? ஷோரூம்ல வேலை, குடி கெடையாது, பாய் பாய்னு உசுர வுடறான். சின்ன வயசுலருந்து இந்தப் பேய்ப் படத்துக்காக நான் வாங்காத பேச்சா? எங்கம்மா ஷைத்தான் புடிச்சவன்னாங்க. பெத்த புள்ளைங்ககூட ஒரு நாள் பக்கத்துல ஒக்காந்து பாக்கலை. இந்த வயசுலதான் எனக்குன்னு ஒருத்தன் கெடைச்சிருக்கறான். அதையும் கெடுத்துடாத.

— அவரு மட்டும் உங்ககூட ஒக்காந்து பாத்திருக்கறாரா?

— அவனுக்கு நேரம் ஏது?

— பாத்த படத்தப் பத்திப் பேசியாச்சும் இருக்கறாரா?

— பேசுவானே. சூப்பர் பாய்ம்பான்.

— கதை?

— கதை... போன வாட்டி அந்தப் பொட்டிக்குள்ள யாரு இருந்ததுன்னு கேட்டேன். நடுவுல தூங்கிட்டேன் பாய்னான்.

— அன்னைக்கு என்னா கத்தல்! அலமாரித் தட்டெல்லாம் அதிர்ந்துச்சு. அதுல தூங்கினாராமா?

— நீ என்னா போலீசா?

— எனக்கென்னமோ சரியாப் படலைங்க. மொத மொதல்ல கத்தல் கேட்டப்ப நீங்க போயிக் கதவத் தட்டினீங்களே, படம் பாக்கறேன்னு அவரா சொன்னாரு?

— ஆமா... இல்ல, நான்தான் 'என்னா தம்பி, பேய்ப் படமா'ன்னு கேட்டேன். 'ஆமாங்க பாய்'னான். எனக்குத் தலைகால் புரியலை. அன்னைக்கே பென்டிரைவுல ரெண்டு படம் போட்டுக் குடுத்தேன்.

— பாருங்க. சாக்கை அவரு தேடிப் போவலை. நீங்களே தட்டுல வெச்சு நீட்டியிருக்கறீங்க.

— வாய அடக்கு ஜான் பீ.

— அந்தப் பொண்ணோட கையப் பாத்தீங்களா? முழங்கைக்கு மேல கன்னிப்போயிக் கெடக்குது. கேட்டா தீர்த்தமலை படியில விழுந்துட்டேங்குது. அவங்க தீர்த்தமலைக்குப் போனது மாசியில. இப்ப ஆடி. விழுந்த காயம் மாசா மாசம் புதுசா வருமா?

— அது புருசன் பொண்டாட்டி சமாச்சாரம். நாம போயிக் கேட்டு, ஒண்ணுமில்லைன்னு ஆயிட்டா மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? இந்தத் தெருவுல பாய் வூடு நம்முது ஒண்ணுதான். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க.

— கேக்காம இருந்து, நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆயிட்டா? அப்ப எந்த மூஞ்சிய எங்க வெச்சுக்குவீங்க?

— இந்தா, நின்னுபோச்சு பாரு. படம் முடிஞ்சிருக்கும். போதுமா?

— சட்டுனு நின்னதுதான் எனக்குப் பயமா இருக்குது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இப்ப ஓடினது என்னா படம்?

— காலையில நான் குடுத்ததுதான். நல்லா கத்தல் இருக்கற படமாக் குடுங்க பாய்னான். மத்ததெல்லாம் அவன்கிட்ட குடுத்து முடிஞ்சுபோச்சு. சரி, நம்மகிட்ட இருக்கறதுலயே ரொம்பப் பழசு, எனக்கு உசுரான படம், எங்க தாத்தா காலத்துல எடுத்தது, அத அவன் பாக்கட்டும்னு போட்டுக் குடுத்தேன். அந்தப் படத்துல ஒரு நெழல் மாடிப்படி ஏறும் பாரு, அப்ப அந்தப் பொண்ணு வாயத் தொறந்து...

— ஏங்க, ஏன் நிறுத்திட்டீங்க? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? நெஞ்சு வலிக்குதா?

— துப்பட்டாவ எடுத்துப் போடு.

— எங்கங்க?

— இத்தனை நாளா ரசிச்சுக் கேட்டுட்டு இருந்திருக்கறேனே ஜான் பீ. அல்லா என்னை மன்னிப்பானா? எதுவும் கேக்காத, வா. அங்க நான் பேசறேன். நீ என் பக்கத்துலயே நில்லு.

— செருப்பு...

— செருப்பு கெடக்குது, வா. நவநீதா! தம்பி நவநீதா! கதவத் தொற.

— அட, பாய்! பாயம்மாவும் வந்திருக்கறீங்க. சவுண்டு ஜாஸ்தியாயிடுச்சா?

— தெருக்கோடி வரைக்கும் கேக்குது. காலையில நான் குடுத்த படமா?

— அதேதான் பாய். சூப்பர் படம்! இப்பதான் நிறுத்தினேன்.

— எந்த எடம் ஓடிச்சு?

— அதான் பாய், பேயி அந்தப் பொம்பளையத் தொரத்துமே. உசுரு போற மாதிரி கத்தறா. நானே காதப் பொத்திக்கிட்டேன்னா பாத்துக்குங்களேன். நாளையிலருந்து சவுண்ட கம்மி பண்ணிடறேன். கோச்சுக்காதீங்க.

— வேற படம் ஏதும் போடலையே?

— உங்க படத்த வுட்டா நமக்கு வேற ஏது பாய்?

— கவிப்பிரியா எங்க?

— உள்ள... தூங்குது. தலைவலியாம்.

— ஜான் பீ, நீ உள்ள போ. புள்ளயக் கூட்டிட்டு வா.

— பாய், என்னா இது? அடுத்தவன் வூட்டுக்குள்ள பொம்பளைய அனுப்பறீங்க?

— தள்ளி நில்லு.

— கவி! ஐயோ, கண்ணு, இதென்னா ரத்தம்? எந்திரி, என்னைப் புடிச்சுக்க. டாக்டர்கிட்ட போலாம். அப்புறம் அரூருக்கு உங்கம்மா வூட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.

— அது வழுக்கி விழுந்துச்சு பாயம்மா! பாய், நீங்களாச்சும் சொல்லுங்க. படத்துல எவளோ கத்தினதுக்கு நான் என்னா பண்ணுவேன்?

— நான் குடுத்தது ஊமைப் படம், நவநீதா.