தொடைத் தமனியை விடாமல் பிடித்தது

நான் புகாரில் கண்ட கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி. வயது முப்பத்தெட்டு. கடைக்கு மேல்மாடியில் குடியிருந்துகொண்டு, பொது மருத்துவமனை அறுவை அரங்கில் செவிலியராக வேலை பார்க்கிறேன். தெருவில் நர்சம்மா என்றால் தெரியும்.

நேற்று முற்பகல் கடையில் என் கொழுந்தன் தூக்கி வந்த கண்ணாடி உடைந்து, ஒரு துண்டு அவருடைய தொடையின் உள்பக்கம் குத்தி நின்றது. இந்த வேலையில் கையில் சில்லு ஏறுவது அன்றாடம். பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில், "பிடுங்காதீங்க" என்று நான் கத்தி முடிப்பதற்குள் என் கணவர் அதைப் பிடுங்கிவிட்டார். அதுவரை அடைப்பாக இருந்ததே அந்தத் துண்டுதான். அதன் பிறகு பளிச்சென்ற சிவப்பில், இதயம் துடிக்கத் துடிக்க ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. சிரை அறுந்தால் கருஞ்சிவப்பாக வழியும். இது தமனி, இதயம் தள்ளும் வேகம் முழுவதும் அதற்குள் இருப்பதால் தானாக நிற்காது.

அதன் பிறகு கொழுந்தனைத் தரையில் கிடத்தி, தமனி இடுப்பெலும்பின் மேல் ஏறி வரும் தொடை இடுக்கில் முழங்காலை ஊன்றி, என் பாரம் முழுவதையும் கொடுத்தேன். பீய்ச்சல் நின்றது. "அண்ணி, உயிர் போகுது, விடுங்க" என்று கதறினார். "விட்டாத்தான் தம்பி போகும்" என்றேன்.

அதன் பிறகு ஓடி வந்த கொழுந்தனின் மாமனார், கால் வெளுத்துச் சில்லிட்டிருப்பதைப் பார்த்து, "எம் மருமகன் காலை முடமாக்குறாளே, பாவி" என்று என் தோளைப் பிடித்து இழுத்தார். அவர் பயந்ததில் தப்பில்லை. காலுக்கு ரத்தம் போகும் பெரிய வழி அது ஒன்றுதான். கால் போனாலும் ஆள் வேண்டும் என்று முடிவு செய்து, முழங்காலை எடுக்காமல், வாய்க்கு எட்டிய அவர் கையைக் கடித்தேன். அவர் விட்டார். ஆம்புலன்ஸ்காரர் தன் கையை அதே இடத்தில் ஊன்றிய பிறகே எழுந்தேன்.

அதன் பிறகு மருத்துவமனையில் மற்ற காலிலிருந்து சிரையை எடுத்துத் தமனிக்கு ஒட்டு வைத்தார்கள். இன்று காலை புறங்காலில் விரல் வைத்தேன், நாடி துடித்தது. மாமனாரின் விரலையும் பிடித்து அங்கே வைத்தேன். "அடிக்குதும்மா" என்று அழுதார்.

தெரியாமல் கடித்துவிட்டதாக எழுதிக் கொடுத்தால், நேற்று என் மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்குவதாக இப்போது சொல்கிறார். தெரிந்தேதான் கடித்தேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கடித்தது உட்பட எல்லாம் நடந்தது நடந்தபடியே.

(ஒப்பம்)