லொரெய்னின் முன்சக்கரம்

சைக்கிள் வந்த அட்டைப்பெட்டி நல்ல உறுதியான பெட்டி. அதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிவிட்டுத் தக்காளி நாற்றுகளை அதில் வைத்திருக்கிறேன். எங்கள் டுலூத் ஊரில் ஜூன் பிறக்கும்வரை பனியை நம்ப முடியாது. சாயங்காலம் உள்ளே இழுத்து வைக்கத் தோதாக இருக்கிறது.

மிஸ் பெட்ரோவிச், நீங்கள் அனுப்பிய தாளை மூன்று முறை படித்தேன். வக்கீல்கள் எழுதுவதில் இத்தனை தெளிவாக நான் பார்த்ததில்லை. சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரும்பில் குறை இருந்தது, அதனால்தான் என் மனைவி லொரெய்ன் இறந்தாள், விற்ற கம்பெனி பொறுப்பேற்க வேண்டும் என்கிறது தாள். என் கையெழுத்து மட்டும் பாக்கி. அதில் ஒரு வரி சரியில்லை, அதனால் போடாமல் வைத்திருக்கிறேன். எந்த வரி என்று உங்களுக்குப் புரிய, நடந்ததை வரிசையாகச் சொல்வதுதான் நல்லது.

நான் முப்பத்தொரு வருடம் இரும்புத்தாது ரயிலில் வண்டிப் பரிசோதகனாக இருந்தவன். சுரங்கத்திலிருந்து வரும் பெட்டிகள் துறைமுகத்துக்கு இறங்குமுன் மேட்டில் நிற்கும். அங்கே ஒவ்வொரு சக்கரத்தையும் பிரேக்கையும் தட்டிப் பார்ப்பது என் வேலை. அங்கிருந்து ஏரிவரை ஒரே சரிவு. ஒரு போல்ட் தளர்ந்தால் என்ன ஆகும் என்பது எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். நான் பயந்த சுபாவம் உள்ளவன். அந்த வேலைக்கு அது ஒரு தகுதி.

லொரெய்ன் பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே இணையத்தில் சைக்கிள் வாங்கிவிட்டாள். தோழி பெவ் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. பெட்டி வந்த அன்று பெவ்வும் வந்து சேர்ந்தாள். இருவரும் முன்னறைக் கம்பளத்தின் மேல் எல்லாவற்றையும் பரப்பிவிட்டு, போனில் ஒருவன் பூட்டிக் காட்டும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். நான் உதவட்டுமா என்று கேட்டேன்.

"நீ கிட்ட வராத ஆர்லன்," என்றாள் லொரெய்ன். "நீ தொட்டா இது ரயிலாயிடும்."

"அடியே, ஹாண்டிலைத் திருப்பி மாட்டியிருக்க," என்றாள் பெவ். "இப்படியே ஏறினா சமையலறைக்குத்தான் போய்ச் சேருவ."

"வாய மூடிட்டு அந்த ஆளை நிறுத்துடி. அவனுக்கு மூணு கை இருக்கும்போல. எனக்கு ரெண்டுதான்."

நாலு மணி நேரம் ஆயிற்று. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் திரும்பும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். கடைசியில் திருகு முடுக்கும் ஆலன் கீயைக் காதில் செருகிக்கொண்டு கூப்பிட்டாள். "வாங்க இன்ஸ்பெக்டர் ஐயா. இப்ப வந்து குத்தம் கண்டுபிடிங்க."

முட்டி போட்டு முழுவதும் பார்த்தேன். குற்றம் ஒன்றும் இல்லை. இதை நீங்கள் அழுத்தமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்: லொரெய்ன் எந்தத் தவறும் செய்யவில்லை. முன்சக்கரத்தின் அச்சில் ஒரு பக்கம் மடக்கும் லிவர், மறுபக்கம் ஒரு நட்டு. பலர் லிவரை மடக்காமல் நட்டைப்போலத் திருகிவிட்டு விடுவார்கள். அவள் சரியாக, உள்ளங்கையில் அச்சு பதியும் அளவுக்கு அழுத்தி மடக்கியிருந்தாள். போதாததற்கு ஃபோர்க்கின் நுனிகளில் சின்ன உதடுகள்போல மேடுகள் உண்டு. மறதியாக லிவரைத் திறந்து விட்டாலும் சக்கரம் அந்த உதட்டில் தட்டி நிற்கும். நட்டையும் ஐந்தாறு சுற்று கழற்றினால்தான் விழும். அது மறதியில் நடக்கிற காரியம் அல்ல.

அன்று சாப்பிடும்போதுதான் ஆகஸ்ட் விஷயத்தைச் சொன்னாள்.

"மூணு வாரம், ஆர்லன். ஏரியை முழுசா ஒரு சுத்து. கனடா வழியாப் போய் இந்தப் பக்கம் வர்றோம். பெவ் கூடாரம்கூட வாங்கிட்டா."

"நல்லாத்தான் இருக்கும்," என்றேன்.

எங்கள் பக்கம் பேச்சு இப்படித்தான். வேண்டாம் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. 'அது ஒரு மாதிரிதான்' என்றால் பிடிக்கவில்லை என்று பொருள். 'நல்லாத்தான் இருக்கும்' என்றால் அதைவிட மோசம். முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாமல் இருக்காது. உருளைக்கிழங்குப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"இருபத்தொரு டப்பா செஞ்சு, தேதி எழுதி ஃப்ரீஸர்ல வச்சிட்டுப் போறேன். பட்டினி கிடக்க மாட்ட."

பட்டினியை நான் நினைக்கவே இல்லை. சில வருடங்களுக்கு முன் அவள் தன் அக்கா வீட்டுக்கு நான்கு நாள் போயிருந்தாள். முதல் நாள் சாயங்காலமே வீட்டுக்குள் என்னால் இருக்க முடியவில்லை. சத்தம் எதுவும் கேட்டதென்று இல்லை. கேட்காததுதான். வெளியே வந்து பிக்கப் வண்டியில் உட்கார்ந்து, கதவுகளைப் பூட்டி, ரேடியோவை வைத்துக்கொண்டேன். நான்கு நாளும் அதில்தான் இருந்தேன். அவள் திரும்பி வந்து, வண்டிக்குள் என்ன நாற்றம் என்று கேட்டாள். மீன்பிடிக்கப் போயிருந்ததாகச் சொன்னேன்.

பயமாக இருக்கிறது, போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அறுபத்துமூன்று வயது ஆண்பிள்ளை மனைவியிடம் சொல்கிற விஷயமாக அது எனக்குத் தெரியவில்லை. நட்டு கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது.

உங்கள் தாளில் ஏழாவது வரி, பூட்டிய பிறகு வேறு யாரும் சைக்கிளில் கை வைக்கவில்லை என்கிறது. நான் வைத்தேன். போன வருடம் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. அவள் காபி போட்டுக்கொண்டிருந்தாள். கராஜுக்குப் போய் லிவரைத் திறந்து, நட்டை ஏழு சுற்று தளர்த்தி, லிவரைப் பழையபடி மடக்கி வைத்தேன். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கைகழுவிவிட்டு அவளோடு காபி குடித்தேன்.

நான் அவசரப்பட்டுச் செய்கிறவன் அல்ல. எங்கள் வாசல் தெருவில் இறங்கும் இடத்தில் நான்கு அங்குல விளிம்பு உண்டு. அதில் அவள் எப்போதும் ஹாண்டிலைத் தூக்கிக் குதித்து இறங்குவாள். அங்கே சக்கரம் கழலும். நடக்கிற வேகம்தான். இரண்டு பக்கமும் புல். மணிக்கட்டு பிசகலாம், எலும்பில் கீறல் விழலாம். ஆறு வாரக் கட்டு என்றால் ஆகஸ்ட் போய்விடும். பனிக்கட்டிப் பையும் கம்பளியும் பிக்கப்பில் எடுத்து வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வசதியாக வண்டியை வாசலுக்குக் கொண்டு வந்தும் நிறுத்திவிட்டேன்.

"எங்க போற, இந்த நேரத்துல?" என்று கேட்டாள்.

"கடைக்கு. ஆணி வாங்கணும்."

"ஞாயித்துக்கிழமை ஆணியா? சரி, வழியிலதான் நிக்குது உன் வண்டி. இரு, நான் அந்தப் பக்கமாப் போய்க்கிறேன்."

பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் விளிம்பு இல்லை, சரிவுதான். அதன் வழியாக வழுக்கிக்கொண்டு இறங்கி, கை காட்டிவிட்டுப் போனாள். அந்தச் சாலையில் ஏரியை நோக்கி ஒன்றரை மைல் இறக்கம். அடியில் பெவ்வின் வீடு.

பின்னாலேயே போனேன். ஹாரன் அடித்திருக்கலாம் என்று இந்த ஒரு வருடமாக நினைத்துப் பார்க்கிறேன். அடித்தால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாளே என்றுதான் அப்போது தோன்றியது. அவள் சட்டை காற்றில் உப்பியிருந்தது. ஒருமுறை இரண்டு கால்களையும் பெடலிலிருந்து எடுத்து நீட்டினாள். அதுவரை அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

கீழே தாது ரயில் பாதை சாலையைக் குறுக்கே வெட்டிப் போகிறது. முதல் தண்டவாளத்தில் முன்சக்கரம் எகிறியது. இரண்டாவதற்கு வந்தபோது சக்கரம் அவளுக்கு முன்னால் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவு இருந்தது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு கண்தான் திறந்தது.

"ஆர்லன்? கடைக்குப் போறேன்னியே."

"அசையாத," என்றேன். "நான் இருக்கேன்ல."

சாலையில் ஒருவரும் இல்லை. போன் சட்டைப்பையில் இருந்தது. கம்பளியை அவள்மேல் போர்த்தினேன். பிறகு போய்ச் சக்கரத்தை எடுத்து வந்தேன். ஃபோர்க் பின்பக்கம் வளைந்துவிட்டதால் சக்கரம் உட்காரவில்லை. மூன்றாவது தடவைதான் உட்கார்ந்தது. நட்டைத் திருகி லிவரை மடக்கினேன். உங்கள் நிபுணர் அது இறுக்கமாக மூடியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் குறை இரும்பில் என்று எழுதியிருக்கிறார். அவர் மேல் தவறில்லை. எல்லாம் முடிய எட்டு நிமிஷம் ஆகியிருக்கலாம், பத்தும் ஆகியிருக்கலாம். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சைக்கிளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததால் தானே அவளைக் கொன்றுவிட்டதாக பெவ் இப்போதும் அழுகிறாள். இதை அவளுக்கும் காட்டுங்கள். அவள் செய்யவில்லை. கம்பெனியும் செய்யவில்லை. நான்தான் செய்தேன்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். நான் சக்கரத்தோடு போராடிக்கொண்டிருந்த அத்தனை நேரமும் லொரெய்ன் அந்த ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிகவும் பயந்துபோயிருந்தாள். அந்த நேரத்தில் அவளைத் தனியாக விடாமல் நான் பக்கத்தில் இருந்தது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.