டிவிக்கு ஏற்ற சுவர்

டிவி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் டிவியைத்தான் பார்க்கிறார்கள். அது தப்பு, சாரே. முதலில் பார்க்க வேண்டியது வீட்டுச் சுவரை. சுவர் எத்தனை அகலம், எதிரே ஜன்னல் இருக்கிறதா, சோபாவிலிருந்து எவ்வளவு தூரம், இதையெல்லாம் அளந்து மனசில் வைத்துக்கொண்டுதான் கடைப்படி ஏற வேண்டும். நான் அப்படித்தான் ஏறினேன். யோசிக்காமல் ஒரு காரியம் செய்கிற ஆள் இல்லை நான். எங்கள் பாலா ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முதலிலிருந்து சொல் என்கிறீர்கள். முதல் என்றால் சன்னி வீட்டுப் பால்காய்ச்சுதான். சன்னி என் மனைவி ஷைனியின் அண்ணன். புது வீட்டில் எழுபத்தைந்து இஞ்ச் டிவி ஒன்றை மாட்டியிருந்தான். சாப்பாடு முடிந்து எல்லோரும் அதன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னான்.

"என்ன அளியா, உங்க வீட்டுல இன்னும் அந்தக் கைக்குட்டை சைஸ் டிவிதானா? அதுல யானை வந்தாக்கூட பூனைக்குட்டின்னுல்ல தோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஷைனியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சண்டைக்குப் போகிற சுபாவம் எனக்குக் கிடையாது. காரில் திரும்பும்போது ஷைனி சொன்னாள்: "சர்ச் பெருநாளுக்கு எங்க வீட்டாளுங்க எல்லாரும் வருவாங்க இச்சாயா. அதுக்குள்ள ஒண்ணு வாங்கிடணும். சன்னிச்சாயன் வச்சிருக்கறதவிடப் பெருசா."

வாங்கலாம் என்றேன். அவ்வளவுதான். இதில் என்ன தப்பு இருக்கிறது?

கோட்டயத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஒரே காட்சி வரிசையாக எல்லா டிவியிலும் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காட்டில் ஒரு தவளை. மலிவான டிவிகளில் அது வெறும் பச்சைத் தவளை. எண்பத்தைந்து இஞ்சில் அதன் முதுகில் இருந்த ஒவ்வொரு நீர்த்துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. தொண்டை துடிப்பது தெரிந்தது. விற்கிற பெண் நல்ல பெண். "இதுல எதையும் மறைக்க முடியாது சேட்டா. நடிகைங்க முகத்துல பருக்கூட தெரியும்," என்றாள். ஷைனிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். அந்தப் பெண் ஒன்று கேட்டாள், எந்தச் சுவரில் மாட்டப் போகிறீர்கள் என்று. தெற்குச் சுவர் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் உள்கூடம் ஒன்று உண்டு. பிளானில் எஞ்சினீயர் 'ஃபேமிலி லிவிங்' என்று போட்டது. வடக்கே மாடிப்படி. கிழக்கே பெரிய ஜன்னல். மேற்குச் சுவர் காலியாகத்தான் கிடக்கிறது, ஆனால் அது ஜன்னலுக்கு நேர் எதிர். காலையிலிருந்து வெளிச்சம் முழுக்க அதன் மேல்தான் விழும். அங்கே டிவியை மாட்டினால் படம் தெரியாது, ஜன்னலும் அதற்கு வெளியே நிற்கிற ரப்பர் மரமும்தான் தெரியும். ஆக மிச்சம் தெற்குச் சுவர் ஒன்றுதான்.

தெற்குச் சுவரில் அப்பச்சன் இருந்தார்.

எங்கள் ஆட்களில் வீடு கடைசி மகனுக்கு. வீட்டோடு சேர்த்து அப்பனும் அம்மையும் அவன் பங்குக்கு வருவார்கள். அம்மச்சி போய்ச் சேர்ந்து காலமாயிற்று. அப்பச்சன் ஒரு பெருமழைக் காலத்தில் குளியலறையில் விழுந்து, இடது பக்கம் முழுக்கச் செயலற்றுப் போனவர். அன்றிலிருந்து அவருடைய கட்டில் தெற்குச் சுவரோரம், திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே. படத்துக்கு முன்னால் சிவப்பு பல்பு. சாயங்காலம் எல்லோரும் அங்கே முட்டிபோட்டு ஜெபம் சொல்வோம். அவர் படுத்தபடியே நடத்துவார். யாராவது வேகமாகச் சொன்னால் நிறுத்தி, முதலிலிருந்து சொல்ல வைப்பார். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, சாரே. நாக்குக்கும் ஆகவில்லை.

நான் மரியாதையாகத்தான் கேட்டேன். சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது, முன்பு ரப்பர் ஷீட் காயப்போட்டது. சுத்தம் செய்து தருகிறேன் அப்பச்சா, அங்கே காற்று நன்றாக வரும் என்றேன்.

"எடா குஞ்சுமோனே," என்றார். தலை நரைத்தும் எனக்கு அதுதான் பேர். "அந்த நாத்தத்துல என்னைய ஷீட்டோட ஷீட்டா காயப்போடப் போறியா? இந்தச் சுவரு நான் நின்னு கட்டினது. கர்த்தர எங்க எறக்கி வைப்ப, பிரிட்ஜ் மேலயா?"

"டிவி வந்துட்டா உங்களுக்கும் பொழுது போகுமே அப்பச்சா. பூசையெல்லாம் பெருசாப் பாக்கலாம்."

"எனக்கு எதுக்குடா? நான் போனப்புறம் சினிமாக் கொட்டகையே கட்டிக்கோ. யாரு வேண்டாம்னா?"

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் போனபிறகு என்று அவரே தன் வாயால் சொன்னார். ஷைனியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டிவி வந்தது. அட்டைப்பெட்டியோடு கார்ஷெட்டில் சாய்த்து வைத்தோம். அந்த வருஷம் மழை விடவேயில்லை. பெட்டியின் அடி ஈரமாக ஆரம்பித்தது. தார்ப்பாய் போட்டேன், பலகை வைத்தேன். காலையில் எழுந்ததும் போய்த் தொட்டுப் பார்ப்பேன். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாட்டுகிற ஆட்களுக்கு நாள் குறித்து, தள்ளி, மறுபடி குறித்தேன். ஒரு மனுஷன் எவ்வளவு பொறுப்பான்?

அவரே மனசு மாறட்டும் என்று சில ஏற்பாடுகள் செய்தேன். கட்டிலோரம் அவர் கூப்பிடுவதற்கு வைத்திருந்த கைமணியை எடுத்து அலமாரியில் வைத்தேன். தண்ணீரைக் குறைத்தோம், குடித்தால்தானே துணி மாற்ற வேண்டும். சிவப்பு பல்பு ஃப்யூஸ் போனபோது வேறு மாட்டவில்லை. இருட்டில் படத்தைப் பார்த்தபடி கிடப்பார். இதில் எதையும் நான் கோபத்தில் செய்யவில்லை.

அக்காள் லில்லிக்குட்டி அயர்லாந்தில் நர்ஸ். வாரா வாரம் வீடியோவில் வருவாள். "எடா, அப்பச்சன் நகத்தப் பாரு, பருந்து நகம் மாதிரி இருக்கு. அத வெட்டிவிட உனக்கு நேரமில்லையா?" என்பாள். வெட்டலாம் சேச்சி என்பேன். பிறகு மறந்துபோகும். வேலை இருக்கிற மனுஷனுக்கு இதெல்லாம் நினைவில் நிற்குமா? அப்பச்சன் அவளிடம் மணியைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "எனக்கென்ன மோளே, ராஜா மாதிரி இருக்கேன்," என்பார். அவருக்கும் குறை ஒன்றுமில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

அன்றைக்கு மத்தியானம். ஷைனி பெருநாளுக்காக சர்ச் கழுவிவிடப் போயிருந்தாள். கஞ்சியும் பயறும் நானே ஊட்டினேன். நன்றாகச் சாப்பிட்டார். "இன்னிக்குப் பயறு பதமா வெந்திருக்குடா," என்றார். வாயைத் துடைத்துவிட்டேன். கடைசியாக ஒரு தடவை கேட்டேன்.

"அப்பச்சா, அந்த ரூமுக்குப் போயிடலாமா?"

"நான் போனப்புறம்னு சொன்னேனே, மறந்துட்டியா?" என்று பாதி வாயால் சிரித்தார்.

"மறக்கல அப்பச்சா," என்றேன்.

அவருக்கு எப்போதும் இரண்டு தலையணை வேண்டும். மேலே இருந்ததை உருவி எடுத்தேன். இடது பக்கம்தான் ஏற்கெனவே செத்தது. வலது கை ஒன்று மட்டும்தான். அந்த வயதில் ஒரு கையில் அத்தனை பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ரப்பர் வெட்டின கை அல்லவா? என் மணிக்கட்டைப் பிடித்தது. பிறகு விட்டது. அவர் கஷ்டப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். படத்தைப் பார்க்கிற பக்கமாகத்தான் முகம் இருந்தது.

தலையணையைப் பழைய இடத்திலேயே வைத்தேன். கட்டிலைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, டேப்பை எடுத்துச் சுவரை இன்னொரு தடவை அளந்தேன். கட்டில் ஒட்டிக் கிடந்தபோது அந்த மூலை அளவு ஒருபோதும் சரியாக வந்ததில்லை. அன்று சரியாக வந்தது.

டாக்டர் வந்தார், வாசல்நிலையில் நின்றபடியே தலையை ஆட்டினார். படுக்கையில் கிடந்த கிழவர். யாருக்கு என்ன சந்தேகம் வரும்? லில்லிச்சேச்சிதான் போனில் கதறினாள். "நான் வர்ற வரைக்கும் வச்சிருங்கடா. பிளேன் ஏறிட்டு வந்துடறேன்." எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து சேரும்வரை பிணவறையில் வைப்பதுதான் வழக்கம். நான் சொன்னேன்: "அப்பச்சனுக்குக் குளிர் ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா சேச்சி? ஐஸ்ல போட்டு வைக்கவா? லைவ் ஏற்பாடு பண்ணியிருக்கேன், அதுல பாரு." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சரி என்றாள். மறுநாளே அடக்கம் செய்தோம். வீடியோ எடுக்க நல்ல காமிராவோடு ஆள் வைத்தேன். அதில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த கையோடு டிவியை மாட்டினார்கள். படத்தை பிரிட்ஜுக்கு மேலேதான் வைத்தோம், அப்பச்சன் சொன்னபடியே. துக்கம் வந்த வீட்டில் பெருநாள் விருந்து இல்லை, ஆனாலும் ஷைனி வீட்டார் துக்கம் விசாரிக்க வந்தார்கள். சன்னி உள்கூடத்துக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டான். "என்ன அளியா, சுவத்தையே கழட்டிப்போட்டு டிவிய வச்சிட்டியா?" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், சாரே. அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நாற்பத்தொன்றாம் நாளுக்கு லில்லிச்சேச்சி வந்தாள். கல்லறையில் ஜெபம் முடிந்து, வீட்டில் சாப்பாடு. கைகழுவி வந்து உட்கார்ந்தபோது சன்னிதான் ஆரம்பித்தான். "லில்லிச்சேச்சி அடக்கத்தப் போன்லதானே பாத்தாங்க. இதுல போட்டுக் காட்டு அளியா. இதுல பாத்தா நேர்ல நின்ன மாதிரி இருக்கும்." வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். நானும் அதுவரை அந்த வீடியோவைப் பார்த்ததில்லை. ஆனால் நாட்டில் கிடைக்கிற டிவிகளில் இவ்வளவு தெளிவானது வேறு இல்லை. அதை அவள் பார்க்க வேண்டும் என்று எனக்கும் இருந்தது. நானே போட்டேன்.

அற்புதமாக இருந்தது. பாதிரி அச்சனின் அங்கியில் ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. பூக்களில் மழைத்துளி தெரிந்தது. சவப்பெட்டி ஓரத்துப் பித்தளை ஆணி தெரிந்தது. பிறகு கடைசி முத்தம். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அப்பச்சன் முகத்தில் முத்தமிட்டார்கள். என் முறை வந்தது. முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தேன். குனியும்போது பெட்டியைப் பிடித்தேன், சட்டைக் கை மேலே ஏறிக்கொண்டது.

"டிவி கண்ணாடில வெளிச்சம் அடிக்குது," என்றாள் லில்லிச்சேச்சி. எழுந்து போனாள். அப்பச்சன் போர்த்திக்கொண்டிருந்த கம்பளி மூலையில் மடித்துக் கிடந்தது. அதை எடுத்து ஜன்னல் கம்பியில் விரித்துப்போட்டாள். அறை இருண்டது.

"வீடியோல பின்னாடி போ," என்றாள். போனேன். "நிறுத்து."

நிறுத்தினேன். என் மணிக்கட்டு சுவர் அளவுக்கு நின்றது. அதில் சிவப்பாக மூன்று கோடு, பக்கம் பக்கமாக.

"இது என்னடா?"

"அன்னாசி வெட்டும்போது."

"அன்னாசி முள்ளு அளந்து வச்சா கீறும்? கொஞ்சம் முன்னாடி விடு."

காமிரா மெதுவாக இறங்கி அப்பச்சனின் கட்டிவைத்த கைகளுக்கு வந்தது. ஜெபமாலைக்குக் கீழே வலது கை. நகமெல்லாம் நீளம். நடு விரல் நகம் மட்டும் சதையோடு பிய்ந்திருந்தது. அடியில் ஏதோ கறுப்பாக இருந்தது. வெட்டிவிடச் சொன்னாள், நான்தான் மறந்துபோனேன்.

அவள் ஆஸ்பத்திரியில் எத்தனை பேரைப் பார்த்தவளோ. என் பக்கத்தில் வந்து, சட்டைக் கையை மேலே தள்ளினாள். கோடுகள் வெளுத்துப்போய் இன்னும் இருந்தன. அவற்றின் மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தாள். பிறகு, "அப்பச்சன் உன்னைப் புடிச்சாராடா? விடுன்னு கேட்டாரா?" என்றாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. ஷைனி எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். உங்களுக்குப் போன் செய்தது லில்லிச்சேச்சிதான், தெரியும்.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எல்லோரும் அப்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சாரே. நான் மேற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை அதில். ஜன்னலில் ஒரு கம்பளி போட்டால் போதும், அங்கேயே மாட்டியிருக்கலாம், அப்பச்சனும் தன் பாட்டுக்குக் கிடந்திருப்பார். கடைக்காரப் பெண் அன்றைக்கு இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவளைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.