சுற்றி மூடிய ஸ்டீம் பைப்

"ஸ்டீமைக் கீழ கொடுத்துட்டேனோன்னு இருக்கு மச்சான்."

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு ஃபிட்டர்கள். ஓர் ஆஸ்பத்திரி ஏசி மெஷினில் காற்றைச் சூடாக்கும் ஸ்டீம் காயிலுக்கும் குளிர்விக்கும் குளிர்நீர்க் காயிலுக்கும் பைப் இணைத்துவிட்டு வருவது பேச்சில் தெரிந்தது.

"ஸ்டீம் மேல நுழைஞ்சு, ஆறித் தண்ணியாகிக் கீழ இறங்கணும். குளிர்தண்ணிதான் கீழேருந்து ஏறும். இதுகூடவா மறக்கும்?"

"மறக்கலை. என் கை என்ன பண்ணுச்சுன்னுதான் ஞாபகமில்லை. இன்சுலேஷன் வேற சுத்தியாச்சு."

"காலையில ஸ்டீம் திறக்கறாங்கடா. தப்பா இருந்தா தண்ணி தேங்கிப் பைப்பே வெடிச்சுடும்."

"அதான், திரும்பப் போய்ப் பிரிச்சுப் பாக்கறேன்."

அம்மா மண்டபம் ஸ்டாப்பில் அவர் எழுந்தார். மச்சானும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நீ எதுக்கு வர்றே?"

"குளிர்தண்ணி லைன் நான் போட்டது. நீ பேசப் பேச எனக்கும் சந்தேகம் வந்துடுச்சு."