வேண்டா அப்பன்

— ஏம்மா பூவாயி, நான் என்ன வேதமா ஓதச் சொல்றேன்? உன் புருஷன் பேரைச் சொல்லுன்னா சொல்லித் தொலையேன்!

— அத்த மட்டும் கேக்காத சாமி. வேற இன்னா வோணும்னாலும் கேளு.

— வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம். திங்கட்கிழமை ஜட்ஜ் முன்னாடி கூண்டுல ஏறப்போறே. அங்கேயும் இப்படித்தான் முந்தானையை வாயில திணிச்சுண்டு நிப்பியா?

— வேண்டா அப்பன்னு சொல்றேனே, போதாதா?

— பெருமாளே! ஏய்யா செங்கல்வராயா, குமாஸ்தான்னு ஒருத்தன் எதுக்கு இருக்கே? உங்க பக்கத்துப் பேச்சுல நீ சொல்லிப் பாரு. எனக்கு மூச்சு வாங்கறது.

— இத பாரும்மா. ஐயா கத்தறாருன்னு பயந்துக்காத. திருக்கழுக்குன்றத்துலேர்ந்து மாமல்லபுரம் போற ரோட்ல ஒரு ஜவுளிக்காரரு மண்டைய ஒடச்சி, பைய புடுங்கிகினு பூட்டான் ஒருத்தன். இருட்டு. எவனும் மூஞ்சிய பாக்கல. ஆனா ஒம் புருசனுக்கு அஞ்சு வருசம் போட்டுட்டாங்க. எத்த வச்சி?

— துண்ட வச்சி.

— அங்க கெடந்த துண்டு, அதுல கீற சலவைக் குறி, சவுக்குத் தோப்பாண்ட பாத்தேன்னு ஒரு சாட்சி. அவ்ளோதான்.

— துண்டை நான் ஊதித் தள்ளிடுவேன்யா! அதே குறி அவா தெருவுல பாதி வீட்டுத் துணியில இருக்கு. பார்த்தேன்னு சொன்னவனுக்குப் பக்கத்துல நிக்கற மாடே தெரியாது. என் கழுத்தை அறுக்கறது இவ சாட்சிதான்.

— நானு இன்னா சாமி தப்பா சொல்லிட்டேன்? அன்னி ராவு வூட்ல யாரு இருந்தாங்கன்னு கேட்டாங்க. வேண்டா அப்பன்னு சொன்னேன். எம் பொண்ணு பேரு வேண்டா. அவ அப்பன் இருந்தாருன்னேன்.

— நீ சொன்னது அது. எழுதினவன் என்ன எழுதினான் தெரியுமா? சுதந்திரம் வந்து எட்டு வருஷம் ஆச்சு, தமிழ்ல சொல்ற சாட்சியை இன்னும் இங்கிலீஷ்லதான் எழுதறான்கள். அந்த மகானுபாவன் தெற்கத்திக்காரன். 'வேண்டாம் அப்பா'ன்னு காதுல வாங்கி, அதை இங்கிலீஷ்ல பேர்த்து எழுதிப்பிட்டான்! ஜட்ஜ் அதைப் படிச்சுட்டு, பெண்டாட்டியே பதில் சொல்ல மறுத்துட்டா, ஆகவே இவன் வீட்ல இல்லைன்னு தீர்ப்பு எழுதிட்டார்.

— அய்யே! வாணான்னா வாணான்னு சொல்ல மாட்டேனா? 'வேண்டாம்'னு எந்த ஊர்ல சொல்றாங்க?

— அவன் ஊர்ல சொல்றாங்கம்மா.

— அதையேதான் மேல் கோர்ட்ல தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன். அப்பீல்ல ஒரு சாட்சியை மறுபடி விசாரிக்கறதுன்னா குதிரைக் கொம்பு. கொண்டுவந்து காலடியில போட்டிருக்கேன், இவ பிகு பண்றா!

— வேண்டான்றது எம் பொண்ணுன்னு சொல்லிடறேன் சாமி. முடிஞ்சிதா?

— உங்க ஊர்ல எத்தனை வேண்டா இருக்கா?

— தெருவுக்கு ரெண்டு மூணு கீது. பொட்டப்புள்ள போதும்னு நெனைக்கிறவங்க அந்தப் பேருதான் வெப்பாங்க.

— நன்னாயிருக்கு! எந்த வேண்டாவுக்கு அப்பன்னு சர்க்கார் வக்கீல் எழுந்து கேட்டான்னா, என் கேஸ் நேரே மாமல்லபுரம் கடல்ல!

— எம் வூட்டுக்காரருன்னு சொல்லட்டா?

— வீட்டுச் சொந்தக்காரர்னு எழுதிப்பான். வாடகை எவ்வளவுன்னு கேட்டாலும் கேப்பான். இந்தத் தடவை பேர் வாயால வரணும், இல்லேன்னா பழைய சாட்சிதான் நிக்கும்னு ஜட்ஜ் கறாரா சொல்லிட்டார்மா.

— எங்கம்மாவும் இப்டித்தான் ஐயா. எங்கப்பா முனிசாமி. அதுக்கோசரம் எதிர்வூட்டு முனியம்மாவ, 'அந்த செவப்புப் பொம்பள'ன்னுதான் கூப்புடும்.

— நீ வேற ஏன்யா அவளுக்கு எடுத்துக் கொடுக்கறே? எங்காத்துக் கோமளமும் என்னை 'ஏன்னா'ன்னுதான் கூப்பிடறா. ஆனா நான் உள்ள போயிட்டா, ஊரைக் கூட்டி என் பேரை ஏலம் போட மாட்டாளா? ஏம்மா, சொன்னா என்னதான் ஆயிடும்?

— அவரு ஆயுசு கொறஞ்சி பூடும் சாமி.

— ஆயுசா? ஜெயில்ல கல்லு உடைச்சிண்டு அஞ்சு வருஷம் போறதே, அது அவன் ஆயுசு இல்லையா? அது உன் தாத்தா ஆயுசா?

— ஐயா, அளுவுது.

— அழட்டும். நானும்தான் உள்ளுக்குள்ள அழறேன். இதோ பாரு பூவாயி, உன்னைத் திட்டணும்னு எனக்கு ஆசையா? உன் ஒரு வார்த்தையிலதான் அவன் வீட்டுக்கு வரணும். வேற வழி இருந்தா உன்னை இந்தப் பாடு படுத்துவேனா?

— நெசமாவே வேற வழி இல்லியா சாமி?

— சத்தியமா இல்லை.

— ...தனகோடி.

— ஆஹா! சொன்னா பாருய்யா! இன்னொரு தரம், உரக்கச் சொல்லு!

— தனகோடி. எம் புருசன் பேரு தனகோடி.

— வயித்துல பாலை வார்த்தே! வானம் இடிஞ்சு விழுந்துடுத்தா? ஒண்ணும் இல்லையே? அவ்வளவுதான், இனிமே சுலபம். அதையே கோவையா சொல்லிடு பார்ப்போம். அன்னிக்கு ராத்திரி பூரா என் புருஷன் தனகோடி வீட்லதான் இருந்தார். ம், சொல்லு.

— அது முடியாது சாமி.

— இப்பத்தானே கணீர்னு சொன்னே!

— பேரு சொன்னேன் சாமி. வேண்டா அப்பன் வூட்ல இருந்தாருன்னு எந்தக் கோர்ட்ல வோணும்னாலும் சொல்லுவேன். அவரு பேர வாயில வச்சிகினு பொய் சொன்னா, அவரு உசுருக்கே ஆவாது. தனகோடி அன்னி ராவு வூட்டுக்கு வரவே இல்ல.