ஒத்திகைக்கு ஓர் ஆள்

அப்பா: நிறுத்து, நிறுத்து. வேகமாப் போற.

மகள்: இது உங்க டிரைவிங் ஸ்கூல் இல்லப்பா. நாளைக்கு என் பிஹெச்.டி. கமிட்டி முன்னாடி பேச வேண்டியது. நடுவுல நிறுத்தாதீங்கன்னு சொல்லித்தானே உக்கார வெச்சேன்?

அப்பா: அதுக்கு சுவரைப் பாத்துப் பேச வேண்டியதுதானே.

மகள்: பேசலாம். சுவர் குறட்டை விடாது.

அப்பா: யாரு தூங்கினா? கண்ணை மூடிட்டுக் கேட்டேன். சரி, அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்... அவன் யாரு?

மகள்: மூணாவது தடவை கேக்கறீங்க. காயம் பட்டா தழும்பு கட்டி மூடுற செல்.

அப்பா: நல்லவன்தானே. அவனை ஏன் திட்டற?

மகள்: யாரும் திட்டல. பெருங்குடல்ல புற்றுக்கட்டி வந்தா, அதையும் ஆறாத காயம்னு நெனச்சு சுத்தி வேலி கட்டிடுது. மருந்து சரியா உள்ள போகாது. நோய் எதிர்ப்பு செல்லும் போகாது.

அப்பா: அப்ப அவனை ஒழிச்சுட வேண்டியதுதானே.

மகள்: மொதல்ல அப்படித்தான் நெனச்சாங்க. வேற ஒரு புற்றுநோய்ல, எலிக்கு மொத்தமா அழிச்சுப் பாத்தா இன்னும் மோசமாயிடுச்சு. அதான் இப்ப இதுல எத்தனை வகை, எது கெட்டதுன்னு பிரிச்சுப் பாக்கறாங்க. லேப்டாப்ல தெரியற இந்தப் படத்துல, கடைசி வருஷங்கள்ல சிவப்பா இருக்கறது...

அப்பா: இதெல்லாம் நீ கண்டுபிடிச்சியா?

மகள்: இல்லப்பா. ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆய்வுக் கட்டுரை. எந்த வருஷம் எதைப் பத்தி எழுதினாங்க, யாரு யாரை மேற்கோள் காட்டினாங்கன்னு எண்ணினேன்.

அப்பா: படிக்கல?

மகள்: அத்தனையும் எப்படிப் படிக்கிறது...

அப்பா: ரோட்ல போற வண்டியை எண்ணிட்டு லைசென்ஸ் கேக்கற.

மகள்: அப்பா, தயவு செஞ்சு கமிட்டி கேக்கற மாதிரி ஏதாவது கேளுங்க.

அப்பா: சரி. கட்டி இடது பக்கம் வந்தா தேவலையா, வலது பக்கமா?

மகள்: அதைக் கமிட்டி கேக்காது.

அப்பா: நான் கேக்கறேன்ல.

மகள்: பொதுவா இடது பக்கம் கொஞ்சம் தேவலை.

அப்பா: ம். ரெண்டாம் கட்டம்னா?

மகள்: ஆபரேஷன். நிறைய பேர் நல்லாயிடறாங்க.

அப்பா: உங்க ஆளுங்க ஒரு மாத்திரை கண்டுபிடிக்கற வரைக்கும் பொறுத்தா?

மகள்: இப்போதைக்கு வராதுப்பா. எண்ணினவ சொல்றேன்.

அப்பா: மெதுவா. அம்மா பக்கத்து ரூம்ல இருக்கா.

மகள்: யாருக்குப்பா இதெல்லாம்?

அப்பா: என்கிட்ட வண்டி கத்துக்கறானே, ஒரு பையன்... அவனோட பெரியப்பாவுக்கு.

மகள்: போன வாரம் அவனோட மாமனாருக்குன்னீங்க.

அப்பா: ஏன், ரெண்டு பேருக்கும் வரக் கூடாதா?

மகள்: சரி. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் இப்ப என்ன சொல்றார்?

அப்பா: டாக்டர் உடனே வெட்டி எடுக்கணும்கிறார். இவரு ரெண்டு மாசம் போகட்டும்கிறார்.

மகள்: எதுக்காம்?

அப்பா: வீட்ல ஒரு பொண்ணு இருக்காம். பெரிய படிப்பு. பட்டம் கைக்கு வரட்டும், அது வரைக்கும் அவ மனசைக் கலைக்க வேணாம்னு...

மகள்: மடத்தனம்.

அப்பா: பெரியவங்களை அப்படிச் சொல்லாதே.

மகள்: அந்தப் பெரியவர் மொட்டை மாடியில ஒளிஞ்சு நின்னு குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கறதுக்கு முன்னாடி குடுக்கற பேதி மருந்தை ஜாடி ஜாடியா குடிச்சாரே. வெளியில சாப்பிட்டது ஒத்துக்கலன்னு சொன்னா, குடல் புற்றுநோயையே படிக்கிறவ நம்பிடுவாளா?

அப்பா: மாடியில பாத்துட்டியா?

மகள்: சொல்லுங்கப்பா.

அப்பா: என்னத்தைச் சொல்ல... சரி, தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் நாளைக்கு நீ போய் நல்லபடியாப் பேசிட்டு வா. மெதுவாப் பேசு. என் விஷயத்தை அப்புறம் பாத்துக்கலாம்.

மகள்: போன வாரமே பேசி முடிச்சுட்டேன்பா, பாஸும் ஆயிட்டேன். நாளைக்குக் காலையில டாக்டரைப் பாக்கப் போறோம், நேரம் வாங்கி வெச்சிருக்கேன். நீங்களா வாயைத் திறந்து கேக்கணும்னுதான் இன்னிக்கு உங்களை இப்படி உக்கார வெச்சேன்.